எட்டு சிலிண்டரும் ஒரு காஸ் டேங்கும்

ராதொம் நகர உயர்வேகக் கார் மரபுக் கழகத்தில் மொத்தம் ஒன்பது பேர். தலைவர், இரண்டு துணைத்தலைவர்கள், செயலாளர், பொருளாளர், கொடிப் பொறுப்பாளர் என்று பதவிகளைப் பங்கு போட்டதில் வெறும் உறுப்பினர்களாக மூன்று பேர்தான் மிஞ்சினார்கள். போலந்தின் நில அளவைத் துறையில் முப்பது வருடம் எல்லைத் தகராறு தீர்த்து ஓய்வு பெற்ற லெஸ்லாவ்தான் தலைவர். கழகத்தின் பதினேழு விதிகளையும் அவரே எழுதினார். மற்ற யாரும் அவற்றைப் படித்ததில்லை என்பது அவருக்கு மட்டும் தெரியாது.

நான்காவது விதிமேல் அவருக்குத் தனிப் பாசம். பெட்ரோலை மிச்சம் பிடிக்க மலிவான காஸ் பொருத்திய வண்டிக்குக் கழகத்தில் இடமில்லை. பொருத்தியவரை வாக்கெடுத்து நீக்கலாம். தெருவுக்கு நாலு காஸ் வண்டி ஓடுகிற ஊரில் இப்படி ஒரு விதி வைத்திருப்பதே ஒரு மிடுக்கு. புதிதாகச் சேருகிறவர்களிடம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்வார்: "எஞ்சினுக்கும் அடுப்புக்கும் வித்தியாசம் தெரியாதவங்க வீட்டுல உக்காந்து முட்டை பொரிக்கலாம்."

அக்டோபரில் அவரே தன் ஜெர்மன் காரை நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த காஸ் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனார். உள்ளூர்ப் பட்டறை வாசலில் யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது?

அயர்லாந்தில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் என்று போன மனைவி லூத்மிலாவுக்கு இது நான்காவது வருடம். தினமும் வந்த தொலைபேசி வாரம் ஒருமுறை ஆகி, பிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும் என்று ஆகியிருந்தது. மாலை ஐந்து மணிக்குமேல் வீடு அவரைக் கடித்துத் தின்றது. காருக்குள் அப்படியில்லை, எட்டு சிலிண்டரும் ஏதாவது பேசிக்கொண்டே வந்தன. அதனால் தினமும் ஓட்டினார். வார்சா எல்லை வரைக்கும் போவார், திரும்புவார். போய்ப் பார்க்க ஒருவரும் கிடையாது. நூறு கிலோமீட்டருக்கு இருபது லிட்டர் குடிக்கிற வண்டியில் காரணமே இல்லாமல் சுற்ற ஓய்வூதியம் இடம் கொடுக்கவில்லை.

பட்டறைக்காரர் இரெனேயுஷ் பானெட்டைத் திறந்து சீட்டியடித்தார்.

"எட்டு சிலிண்டரா! சம்பள நாள் குடிகாரன் மாதிரி இழுக்குமே. அப்படி எங்கதான் சார் போறீங்க?"

"வேலை விஷயமா."

"ரிட்டயர் ஆயிட்டேன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

லெஸ்லாவ் சுவரில் தொங்கிய காலண்டரை ஊன்றிப் படித்தார்.

மூன்று நாளில் வேலை முடிந்தது. மாற்றுச் சக்கரம் இருந்த குழியில் டேங்க் உட்கார்ந்துகொண்டது. காஸ் நிரப்பும் வாய், பெட்ரோல் மூடிக்குப் பக்கத்திலேயே, கட்டைவிரல் அளவுக்குப் பித்தளையில். வெளிக்கதவைச் சாத்திவிட்டால் தெரியாது.

"உங்க மாமியாரே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது," என்றார் இரெனேயுஷ். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. ஸ்டார்ட் ஆகறது பெட்ரோல்லதான். சூடானப்புறம்தான் தானா காஸுக்கு மாறும். கால் டேங்க் பெட்ரோல் எப்பவும் கிடக்கணும். எல்லாரும் இதுலதான் கோட்டை விடுவாங்க."

"நான் எல்லாரும் இல்ல," என்றார் லெஸ்லாவ்.

அவரும் எல்லாரையும் போலத்தான். காஸின் விலையைப் பார்த்த கண்ணுக்குப் பெட்ரோல் போடுவது சாக்கடையில் ஊற்றுவதுபோல் இருந்தது. வேண்டாவெறுப்பாக ஐந்து லிட்டர், பிறகு மூன்று லிட்டர். பெட்ரோல் தீர்கிறது என்று எரிகிற மஞ்சள் விளக்கு ஜனவரி முழுவதும் அணையவேயில்லை; ரேடியோ வெளிச்சத்தைப் போல அதுவும் பழகிப்போனது.

பிப்ரவரியின் இரண்டாவது ஞாயிறு. பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு டிகிரி. மூடிக்கிடந்த சர்க்கரை ஆலையின் முற்றத்தில் கழகம் கூடியிருந்தது. அடுப்பில் தொத்திறைச்சி வெடித்தது, ஊறுகாய் வெள்ளரி ஜாடியிலேயே உறைந்தது. வாரத்தில் லெஸ்லாவை யாராவது 'தலைவரே' என்று கூப்பிடும் இரண்டு மணி நேரம் அதுதான். பதினொரு மணிக்கு ஒன்பது வண்டிகளும் வரிசையாக உறும வேண்டும். எட்டாம் விதி. முதலில் தலைவர்.

சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, இருமியது, அடங்கியது. மறுபடியும் அதே. எட்டு பேரும் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பேட்டரி," என்றார் லெஸ்லாவ்.

"பேட்டரி நல்லாத்தானே சுத்துது, தலைவரே." கொடிப் பொறுப்பாளன் மெதார்ட் ஜன்னல் வழியாகத் தலையை நுழைத்து மஞ்சள் விளக்கைப் பார்த்தான். தன் வண்டியிலிருந்து ஐந்து லிட்டர் கேன் எடுத்து வந்தான்.

"வேண்டாம், நானே ஊத்திக்கறேன்!" லெஸ்லாவ் இறங்குவதற்குள் அவன் பெட்ரோல் கதவைத் திறந்துவிட்டான். பித்தளை வாய் வெயிலில் மின்னியது. மெதார்ட் அதைப் பார்த்தான். நிதானமாகப் பெட்ரோலை ஊற்றி முடித்துக் கதவைச் சாத்தினான்.

"கால் டேங்காவது வெச்சுக்குங்க தலைவரே. இல்லன்னா பம்பு வெந்துடும். எங்க அண்ணன் காஸ் வண்டியில அப்படித்தான் ஆச்சு."

ஒருவர் முகத்திலும் திகைப்பு இல்லை. அதுதான் லெஸ்லாவைத் திகைக்க வைத்தது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"நவம்பர்லயே தெரியும்," என்றாள் செயலாளர் ஹால்ஷ்கா. மருத்துவமனைத் தாதி, சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். "நீங்க வண்டியை நிறுத்தினா காஸ் வாடை அடிக்குது. டிக்கியில ஸ்டெப்னிய காணோம்."

"அப்ப ஏன் நான்காம் விதிப்படி நடவடிக்கை எடுக்கல?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மெதார்ட்தான் வாயைக் கொடுத்தான்.

"எடுத்துட்டா, ஞாயித்துக்கிழமை நீங்க எங்க போவீங்க?"

தொத்திறைச்சி கருகுகிற வாசனை வந்தது. யாரும் அடுப்புப் பக்கம் திரும்பவில்லை. மூன்று மாதமாகத் தன் சொற்பொழிவுகளை இவர்கள் எந்த முகத்தோடு கேட்டார்கள் என்று லெஸ்லாவுக்கு இப்போது தெரிந்தது. நோயாளியிடம் காட்டுகிற முகம்.

கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார். "தலைவரை நீக்கும் தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விடுகிறேன்."

"ஐயோ, ஆரம்பிச்சுட்டாரு! குளிர்ல காது விழுந்துடும் தலைவரே. வாங்க, ஆளுக்கு ஒரு துண்டு சாப்பிடலாம்," என்றான் மெதார்ட்.

"ஆதரிப்பவர்கள்?" தன் கையைத் தானே உயர்த்தினார். "எதிர்ப்பவர்கள்?"

எல்லாருடைய கைகளும் பாக்கெட்டுக்குள் இருந்தன. எதிர்ப்பு இல்லாமல் இல்லை. கையை வெளியே எடுக்கிற குளிரா அது? இவர் விளையாட்டு முடியட்டும், சாப்பிடலாம் என்று நின்றார்கள்.

"ஆதரவு ஒன்று, எதிர்ப்பு இல்லை. தீர்மானம் நிறைவேறியது. எழுதும்மா."

"சார், விளையாடாதீங்க."

"எழுது."

ஹால்ஷ்கா கையுறையைக் கழற்றி எழுதினாள். அவர் குரல் அப்படி இருந்தது.

கார் இப்போது முதல் திருப்பலிலேயே கிளம்பியது. பின்னால் எடுக்கும்போது பனித்திட்டில் இடிக்காமல் மெதார்ட் கைகாட்டினான், "இன்னும் வரலாம்... இன்னும்... போதும் தலைவரே, போதும்!" லெஸ்லாவ் பிரேக்கை அழுத்தினார். இன்னொரு முறை சாப்பிடக் கூப்பிட்டிருந்தால் இறங்கியிருப்பார். கூப்பிட்டால் அவமானப்படுவாரோ என்று அவர்கள் கூப்பிடவில்லை.

வாயிலைத் தாண்டினார். இடப்பக்கம் வீடு, வலப்பக்கம் வார்சா சாலை. மணி பதினொன்றரைகூட ஆகவில்லை.