ஒரு சாண் குறைவு

மருத்துவமனைச் சலவைப் பிரிவில் என்னை மிளகாய் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு மூக்கின் மேல் கோபம் என்பது எல்லோருக்கும் தெரியும், நானும் மறைத்ததில்லை. என் தோழிக்குப் பெயர் நிதானம். கொதிகலன் குழாய் வெடித்து நீராவி சீறினாலும் "நிதானம், நிதானம்" என்று இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் அவள் நகர்வாள். இருபத்திரண்டு வருடமாக நாங்கள் இரண்டு பேரும் ஒரே மேசையின் இரண்டு பக்கம் நின்று பெட்ஷீட் மடித்தோம்.

வீட்டில் கட்டிலில் போட்டு மடிக்கிற மாதிரி நினைத்துவிடாதீர்கள். உலர்த்தும் இயந்திரத்திலிருந்து துணி கை சுடச்சுட வரும். ஆளுக்கு இரண்டு முனை பிடிக்க வேண்டும், ஒரே நேரத்தில் உதற வேண்டும், நீளவாக்கில் மடித்துக்கொண்டு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வர வேண்டும். என் முனையை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் குனிந்து நடு மடிப்பைப் பிடிப்பேன். ஒரு ஷிப்டுக்கு நானூறு. நான் பேசிக்கொண்டே இருப்பேன், அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். என் வீட்டுச் சண்டைகளில் பாதி அந்த மேசையில்தான் ஆறிப்போயின. இது என் வீட்டுக்காரருக்கே தெரியாது.

போன வருடம் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். மூன்று மாதம் ஓய்வு. இனி எந்த வேலையும் செய்யலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாளோடு திரும்பி வந்தால், எங்கள் சூப்பர்வைசர் என்னை மாடிக்கு அனுப்பிவிட்டார். துணிகளில் வார்டு எண் தைக்கிற வேலை. ஒரு நாற்காலி, ஒரு தையல் மெஷின், எதிரே ஒரு சுவர். எல்லோரும் "பாவம், உக்காந்த வேலை, நிம்மதி" என்றார்கள். நிம்மதியாம். ஆறு மாதம் அந்தச் சுவரோடு பேசிப் பார்த்தேன், அது ஒரு "ம்" கூடக் கொட்டவில்லை.

என் இடத்தில் ஒரு புதுப் பெண்ணைப் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். எனக்கு வயிறு எரிந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். மடிப்பு ஹாலைக் கடந்து போகப் பிடிக்காமல் பின்பக்கப் படிக்கட்டில்தான் ஏறி இறங்கினேன். நிதானத்தைச் சாப்பாட்டு வேளையில் பார்ப்பேன். அந்தப் பெண்ணைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கடைசியில் ஒரு நாள் பொறுக்க முடியாமல் சூப்பர்வைசர் அறைக்கே போய்விட்டேன். அவருக்கு என் தம்பி வயதுதான் இருக்கும், கெட்ட மனிதரும் இல்லை. ஆனால் எட்டு மணி நேரம் நிற்கிற வேலையில் நான் மயங்கி விழுந்தால் தான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். நான் விடவில்லை. சலித்துப்போய்ச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைக் காட்டினார். மருத்துவமனை ஆண்டு விழாவுக்கு ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், யார் வேண்டுமானாலும் ஓடலாம், நாற்பத்தைந்து நிமிடத்தில் முடிக்க வேண்டும்.

"இத நேரத்துக்குள்ள முடிச்சுக் காட்டுங்கக்கா. மறுநாளே டேபிள். முடியலன்னா இந்தப் பேச்ச விட்டுடணும்."

ஐம்பத்தோரு வயதில் நான் பஸ்ஸுக்குக்கூட ஓடியதில்லை. ஆனாலும் வாய் என்னைக் கேட்டா பேசுகிறது? சரி என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்து நிதானத்திடம் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், "நானும் வரேன்" என்றாள். அவ்வளவுதான் அவள் பேச்சு.

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் பயிற்சி. கொதிகலன் அறைக்கும் பின் கேட்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது, அதில்தான் ஓடினோம். எவ்வளவு தூரம் என்று தெரிய வேண்டுமே. போனில் அளக்கலாம் என்று என் மகள் சொன்னாள். இருபத்திரண்டு வருடம் துணியோடு புழங்கியவளுக்குப் போன் எதற்கு என்று அவள் வாயை அடைத்துவிட்டேன். எங்கள் பெட்ஷீட்டின் நீளம் மூலையிலேயே அச்சடித்திருக்கும், இரண்டே முக்கால் மீட்டர். ஒன்றை எடுத்து நானும் நிதானமும் ஆளுக்கொரு முனை பிடித்துத் தரையில் வைத்து வைத்து அளந்தோம். சந்து சரியாக நாற்பது பெட்ஷீட். போய்வந்தால் எண்பது. அப்படி இருபத்து மூன்று சுற்றுப் போனால் ஐந்து கிலோமீட்டர், கொஞ்சம் கூடவே.

முதல் நாள் மூன்றாம் சுற்றிலேயே நாக்குத் தள்ளிவிட்டது. ஷூ வாங்கிக்கொண்டு போன அன்று, "யார் துரத்துறாங்க?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. கால் வலி உயிர் போனது. ஆனாலும் வாரத்துக்கு வாரம் இரண்டு சுற்று, மூன்று சுற்று கூட்டினோம். பத்தாவது வாரம் இருபத்து மூன்று சுற்றையும் நாற்பத்திரண்டு நிமிடத்தில் முடித்தோம். மூன்று நிமிடம் கையில் மிச்சம். சூப்பர்வைசர் முகத்தில் ஈயாடப்போவதில்லை என்று நான் தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

ஓட்டத்தன்று காலை நானூறு பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். நெஞ்சில் எண் எழுதிய தாள் குத்திக்கொண்டு நாங்கள் கடைசி வரிசையில் நின்றோம். பின்னால் ஒரு வேன். நேரத்துக்குள் முடிக்க முடியாதவர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு வர. சரியாக நாற்பத்தைந்தாவது நிமிடம் முடிவுக் கோட்டில் கயிறு கட்டிவிடுவார்கள், அதன் பிறகு வருகிறவர்களுக்குக் கணக்கில்லை. கோட்டில் கடிகாரத்தோடு நிற்கப்போவது எங்கள் சூப்பர்வைசர்தான்.

ஓடினோம். சந்தில் ஓடிய அதே வேகம், அதே மூச்சு. ஒரு கிலோமீட்டர் என்று எழுதிய பலகை வந்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டேகால் நிமிடம் ஆகியிருக்க வேண்டும், ஒன்பது ஆகியிருந்தது. பலகையை எவனோ தள்ளி நட்டுவிட்டான் என்று அங்கே தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தவரைப் பிடித்து ஒரு சத்தம் போட்டேன். அவர் பாவம், தண்ணீரை நீட்டினார். இரண்டாவது பலகையில் பதினெட்டு நிமிடம். இப்போது கடிகாரத்தைத் திட்டினேன். வேன் டிரைவர் பக்கத்தில் வந்து, உள்ளே ஏசி போட்டிருக்கிறேன், ஏறிக்கொள்ளுங்கள் அம்மா என்றார். நான் பார்த்த பார்வையில் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

மூன்றாவது பலகை. இருபத்தேழு நிமிடம். நான் வாயைத் திறப்பதற்குள் நிதானம் பேசினாள்.

"ஏய், நாம எந்த பெட்ஷீட்ல அளந்தோம்?"

"கழிச்சுப் போட்டதுலதான். நல்லத எவ தரையில இழுப்பா?"

"அத எதுக்குக் கழிச்சோம்?"

அவ்வளவுதான், மண்டையில் உறைத்தது. பழைய பெட்ஷீட்டை நாங்கள் எதற்குக் கழிப்போம்? வெந்நீரில் வெந்து வெந்து சுருங்கி, மெத்தைக்கு அடியில் செருக ஒரு சாண் பத்தாமல் போனால் கழிப்போம். அந்த பெட்ஷீட்டை ஒரு சாண் குறைகிறது என்று கழிவுக் கூடையில் வீசியவளே நான்தான். மூலையில் இருந்த அச்சு மட்டும் சுருங்கவில்லை. சுற்றுக்கு எண்பது சாண், இருபத்து மூன்று சுற்று. ஏறக்குறைய நானூறு மீட்டரை நாங்கள் ஓடவே இல்லை. சுருங்குகிற துணியைப் பற்றி வருகிற புதுப் பெண்களுக்கெல்லாம் பாடம் நடத்தியவள் நான். வெட்கத்தில் அங்கேயே சாக்கடை மூடிக்குள் இறங்கிவிடலாம் போல இருந்தது.

கையில் மூன்று நிமிடம் இல்லை, மூன்று நொடிகூட இல்லை. இதே வேகத்தில் போனால் கயிறு கட்டிய பிறகுதான் போய் நிற்போம். மாடி அறையும் அந்தச் சுவரும் கண் முன்னால் வந்தன. இன்னும் ஏழு வருடம் சர்வீஸ் இருக்கிறது எனக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினேன். நிதானமும் கூட்டினாள். நான்காவது பலகையில் முப்பத்தைந்து நிமிடம் ஐம்பது நொடி. பிழைத்தோம் என்று நினைத்தேன்.

அங்கிருந்து நூறு அடி போயிருக்க மாட்டோம். நிதானம் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. அறுவைச் சிகிச்சை ஆன நான் விழுவேன் என்றுதான் பிரிவு முழுக்கக் காத்திருந்தது. இவள் நிற்பாள் என்று யார் கண்டது?

"நீ போடி. உனக்குத்தான டேபிள். எனக்கு எதுக்கு ஓட்டம்?"

எனக்கு வந்ததே கோபம். எட்டு மாதமாக உள்ளே போட்டுப் பூட்டி வைத்திருந்ததை நடுத்தெருவில் அவிழ்த்துவிட்டேன். ஆமாம், உனக்கு என்ன, உனக்குத்தான் புதுசாக ஒருத்தி இருக்கிறாளே, நான் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று கத்தினேன். கத்தும்போதே என் குரல் உடைந்தது. அவள் குனிந்தபடியே தலையை மட்டும் தூக்கிப் பார்த்தாள்.

"எவ அவ? ரெண்டாம் நாளே அவள இஸ்திரிக்கு அனுப்பச் சொல்லிட்டேன்."

"அப்ப யார்கூட மடிக்கிற?"

"ஜன்னல் கம்பியில ரெண்டு கிளிப் போட்டு மாட்டி மடிக்கிறேன்."

எட்டு மாதம். ஒரு ஷிப்டுக்கு நானூறு. ஒவ்வொன்றுக்கும் ஜன்னல் வரை நடந்து, மாட்டி, கழற்றி, மறுபடி நடந்து. அழ நேரமில்லை, அதனால் திட்டினேன். லூசு, ஊமைக்கோட்டான், இத வாயத் தொறந்து சொன்னா என்னடி என்று திட்டிக்கொண்டே அவள் கையைப் பிடித்து இழுத்தேன். பத்து அடி நடந்தாள். பிறகு வேகமாக நடந்தாள். பிறகு, விலாவில் ஒரு கை என் பிடியில் ஒரு கையாக, ஓடினாள்.

இருபத்து மூன்று சுற்று முடிகிற இடம் எதுவோ, அங்கே என் கால்கள் தாமாகவே நிற்கப் பார்த்தன. அவற்றுக்குத் தெரிந்த தூரம் அவ்வளவுதான். அதற்கு அப்புறம் ஓடியதெல்லாம் நாங்கள் வாழ்க்கையில் ஓடியே இராத தூரம். தொடை எரிந்தது, வாயில் இரும்பு வாசம் வந்தது. திருப்பம் தாண்டியதும் முடிவுக் கோடு தெரிந்தது. இரண்டு பேர் கயிற்றை எடுத்துக்கொண்டு தயாராக நின்றார்கள். சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. கேட்டவர்கள் அதை வெளியே சொல்ல மறுக்கிறார்கள். கயிறு வைத்திருந்தவர்கள் பயந்துபோய் இரண்டு அடி பின்னால் போனார்கள். கைகோத்தபடியே கோட்டைத் தாண்டிப் போய்த் தார்ச் சாலையில் விழுந்தோம்.

நாற்பத்து நான்கு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி. எங்கள் பின்னால் கயிறு கட்டினார்கள்.

சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து குனிந்தார். தண்ணீர் கொடுத்தார். பிறகு மெதுவாக, அன்றைக்கு ஏதோ பேச்சுக்குச் சொன்னது, மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு பார்க்கலாமே அக்கா என்று இழுத்தார். பத்து வாரமாக அவருக்கென்று நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றா இரண்டா. ஒன்றுகூட வெளியே வரவில்லை, மூச்சே வரவில்லை. நிதானம் எழுந்து நின்றாள். விலாவைப் பிடித்திருந்த கையை எடுத்தாள்.

"காலையில ஆறு மணிக்கு இவ என் டேபிள்ல நிப்பா சார். இல்லன்னா நானும் மாடிக்குப் போறேன். அப்புறம் அந்த ஜன்னல் கம்பிதான் உங்களுக்கு பெட்ஷீட் மடிக்கணும்."

அவள் குரல் உயர்ந்து கேட்டது அதுதான் முதல் தடவை. சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையிலிருந்த தாளில் எங்கள் நேரத்தை எழுதினார். இதுவரை ஒரு மிளகாயைச் சமாளித்தேன், இனி இரண்டா என்று சிரித்துவிட்டு, ஆறு மணிக்கு வந்துவிடுங்கள் என்றார்.

நான் ரோட்டில் உட்கார்ந்தபடியே ஓவென்று அழுதேன். சிரிப்பும் சேர்ந்து வந்தது. "ஜெயிச்சுட்டோம்டி" என்றேன். எங்களுக்கு முன்னால் நானூறு பேர் முடித்திருந்தார்கள். அதனால் என்ன, நாங்கள்தான் ஜெயித்தோம்.

மறுநாள் ஐந்தே முக்காலுக்கே மேசையின் என் பக்கத்தில் போய் நின்றேன். எட்டு மணி நேரமும் நின்றேன். நடுவில் சூப்பர்வைசர் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து வைத்து, முடியாவிட்டால் சற்று உட்காருங்கள் அக்கா என்றார். வேண்டாம் என்றேன். ஆசைப்பட்டாலும் அன்றைக்கு என் முழங்கால் மடங்கியிருக்காது.