இஞ்சிக்குக் கேட்காத வலி

பேருந்துப் பணிமனைக் கேண்டீனில் இஞ்சியக்கா சொன்னால் சொன்னதுதான். மேலாளர் போடுகிற உத்தரவுக்குக்கூட நாலு பேர் முணுமுணுப்பார்கள். அக்கா ஒரு டம்ளரை நீட்டிக் "குடி" என்றால் மறுபேச்சு கிடையாது, மூக்கைப் பிடித்துக்கொண்டாவது குடித்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன நடத்துநர், மலைப்பாதையில் முதல்முறை போய்க் குமட்டலோடு திரும்பிய புது ஆள், விருந்தில் மூக்குமுட்டத் தின்றுவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டு வருகிற குமாஸ்தா, மழையில் நனைந்து தும்மிக்கொண்டே வருகிற காவலாளி, எல்லோருக்கும் அவளிடம் ஒரே வைத்தியம்தான். பதினாறு வருடமாக இது நடக்கிறது. இஞ்சியக்கா என்ற பெயரும் அப்படி வந்து ஒட்டிக்கொண்டதுதான்.

இஞ்சியை அவள் சும்மா நசுக்கிப் போட்டுவிடுவதில்லை. மண் போகக் கழுவி, கரண்டி விளிம்பால் தோலைச் சுரண்டி, உரலில் இடித்து, துணியில் பிழிந்து, சாற்றைக் கால் மணி நேரம் அசையாமல் வைப்பாள். அடியில் வெள்ளையாக மாவு படியும். மேலே தெளிந்ததை மட்டும் வடித்துத் தேனும் வெந்நீரும் சேர்த்துக் கொடுப்பாள். படிந்த மாவைக் கழுவி ஊற்றிவிடுவாள். "அக்கா, வண்டிக்கு நேரமாச்சு, அப்படியே குடுத்துடுங்க" என்று அவசரப்படுத்துகிறவனிடம், "வண்டி லேட்டா போனா ஒருத்தன் திட்டுவான். வயிறு கெட்டுப்போனா ஊரே மூக்கைப் பொத்தும். உக்காரு" என்பாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இஞ்சியக்காவுக்கு இஞ்சியின் மேல் மூடநம்பிக்கை கிடையாது. மூடநம்பிக்கையெல்லாம் அதைக் குடிக்கிறவர்களுக்குத்தான். மூன்று வாரமாக இருமிக்கொண்டிருந்த துப்புரவுக்காரனுக்கு அவள் ஒரு சொட்டுகூடக் கொடுக்கவில்லை. "இது இஞ்சி வேலை இல்ல. போய் நெஞ்சைப் படம் எடு" என்று துரத்திவிட்டாள். வயிற்றில் புண் இருந்த ஒருத்தர் கெஞ்சிக் கேட்டும் கொடுக்கவில்லை. அக்காவுக்குத் தலைக்கனம் என்று அப்போது பேசிக்கொண்டார்கள்.

வாயுத் தொல்லைக்கு மட்டும் அவளிடம் ஒரு கடிகாரக் கணக்கு இருந்தது. சாறு உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் ஏப்பம் வந்தாக வேண்டும், மிஞ்சிப்போனால் பதினைந்து. அதற்குள் வரவில்லை என்றால் வேறு வைத்தியம் பார்க்கச் சொல்லிவிடுவாள். இதை எந்தப் புத்தகத்திலும் அவள் படிக்கவில்லை. நூற்றுக்கணக்கான ஏப்பங்களைப் பக்கத்தில் நின்று கேட்டவளுக்குப் புத்தகம் எதற்கு?

அன்று காலை ஏழரை மணிக்குப் பால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கும்போது அந்த வலி வந்தது. நெஞ்சில் குத்தவில்லை. முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது மாதிரி இருந்தது. பிறகு கழுத்தில் ஏறித் தாடைக்குப் போனது. பல்வலியோ என்று நாக்கால் துழாவிப் பார்த்தாள். பல்லெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ரவிக்கை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்த்தது. அடுப்புக்கு முன்னால் நிற்கிறவளுக்கு வியர்வை புதிதில்லை, ஆனால் இந்த வியர்வை சில்லென்று இருந்தது.

தெளியவைத்த சாறு இருந்தது. ஊற்றிக் குடித்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நிமிடம். பதினைந்து. தொண்டை எரிந்ததே தவிர ஏப்பம் வரவில்லை. இன்னொரு தரம் குடித்துப் பார்த்தாள். அதற்கும் வரவில்லை. இடது கை கனத்தது. பால் பாத்திரத்தைத் தூக்கியதால் கை கனக்கிறது என்று தனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள், ஆனால் பாத்திரத்தைத் தூக்கியது வலது கை.

கையைத் துடைத்துக்கொண்டு டயர் பிரிவுக்கு நடந்தாள். அவள் கணவர் அங்கேதான் வேலை. ஒரு சக்கரத்தைக் கழற்றிப் போட்டு, பக்கத்தில் நின்ற இரண்டு பேரோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, எனக்கு என்னமோ பண்ணுது. முதுகெல்லாம் வலி, தாடை வலிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "காலைல சாப்பிட்டியா?"

"இல்ல."

"அதான். வெறும் வயித்துல நின்னுட்டே இருந்தா வாயு பிடிக்கத்தான் செய்யும். ஊருக்கே இஞ்சி குடுக்கறே, உனக்கு ஒரு டம்ளர் போட்டுக்கக் கூடாதா?"

"ரெண்டு தரம் குடிச்சுட்டேன். கேக்கல."

"உன் இஞ்சியா கேக்கல?" பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்து அவர் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். "அக்காவுக்கே இஞ்சி கேக்கலையாம், இனிமே நம்ம கதி என்னப்பா!"

அவர் கெட்டவர் இல்லை. பெண்டாட்டியின் கையால் பிழிந்த சாறு இருபது வருடமாக அவர் வயிற்றைக் காப்பாற்றி வந்திருக்கிறது. அதன் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையில் பாதியாவது பெண்டாட்டியின் வாய்ச்சொல்லின் மேல் இருந்திருக்கலாம். இந்த ஆண்களுக்கு ஒரு கணக்கு உண்டு, தனக்கு வந்தால் மாரடைப்பு, பெண்டாட்டிக்கு வந்தால் வாயு. போன வருடம் அவருக்கு நெஞ்செரிச்சல் வந்தபோது பக்கத்து வீட்டு வண்டியை வரவழைத்து, மகளை அழவைத்து, தெருவையே எழுப்பினார். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

"இன்னொரு டம்ளர் குடிச்சுட்டு அரை மணி படு. மத்தியானம் பாத்துக்கலாம்" என்றார்.

இஞ்சியக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. வலியைவிடக் கோபம்தான் அவளை நிற்க வைத்தது என்றுகூடச் சொல்லலாம். "மத்தியானம் நீங்க பாருங்க. நான் இப்பவே போறேன்" என்று திரும்பி நடந்தாள்.

காலை வண்டிகளெல்லாம் கிளம்புகிற நேரம். கேண்டீன் முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் அடுப்பை அணைத்தாள், ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள், ஷட்டரைப் பாதி இறக்கினாள். மீதியை இறக்கக் கையில் தெம்பு இல்லை.

"அக்கா, டீ?"

"நீங்களே போட்டுக்குங்கடா. கை இருக்குல்ல?"

பதினாறு வருடத்தில் அந்த ஷட்டர் காலையில் இறங்கியது அதுதான் முதல் தடவை. யாரோ "அக்காவுக்கு இன்னைக்கு யார் மேல கோபம்?" என்று கேட்டது காதில் விழுந்தது. நிற்காமல் போனாள்.

பெரிய ஆஸ்பத்திரி வழியாகப் போகிற வண்டியை ஒட்டகம் ஓட்டினான். உயரத்துக்காக வைத்த பெயர் அது. அவள் படியில் ஏறவே இரண்டு தரம் மூச்சு வாங்கியதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்னக்கா, உடம்புக்கா? உங்களுக்கேவா?" என்றான்.

"எனக்கே. நானும் ரத்தமும் சதையும்தான். ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்து."

அங்கே நிறுத்தமே கிடையாது. ஆனால் ஒட்டகம் நிறுத்தினான். பின்னால் ஒருத்தர் சத்தம் போட, "எங்க அக்கா இறங்கணும் சார். அஞ்சு நிமிஷம் லேட்டானா குடி முழுகிப் போயிடாது" என்று அவள் கீழே கால் வைக்கும்வரை வண்டியை நகர்த்தவில்லை. பணிமனையில் சிரிக்காமல் உதவியவன் அன்று அவன் ஒருத்தன்தான்.

அவசரப் பிரிவில் கூட்டம். கைமுறிவு, காய்ச்சல், அழுகிற குழந்தைகள். அவள் முறை வந்தபோது ஒரு இளம் டாக்டர் கட்டிலைக் காட்டி உட்காரச் சொன்னார். கண்ணெல்லாம் தூக்கம். பாவம், எத்தனை மணி நேரமாக நிற்கிறாரோ. நாடியைப் பிடித்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"வீட்டுல ஏதாவது குடிச்சீங்களாம்மா?"

"இஞ்சிச் சாறு."

டாக்டர் முகத்தில் ஒரு புன்னகை வந்தது. விடை கிடைத்துவிட்டது. "அதான் விஷயம். வெறும் வயித்துல இஞ்சியைக் குடிச்சா நெஞ்சு எரியாம என்ன செய்யும்? இந்தக் கைவைத்தியத்தை எல்லாம் விடுங்க. வாயு மாத்திரை எழுதறேன்."

ஒரே காலையில் இஞ்சிக்கு இரண்டு தீர்ப்பு. அங்கே இஞ்சி குடித்தால் சரியாகிவிடும் என்றார்கள். இங்கே இஞ்சி குடித்ததால்தான் வந்தது என்கிறார்கள். நடுவில் ஒருத்தி வலிக்கிறது என்று சொல்வது மட்டும் எந்தக் காதிலும் ஏறவில்லை.

"டாக்டர், என்னை என்ன வேணா சொல்லுங்க, என் இஞ்சியைச் சொல்லாதீங்க" என்றாள் இஞ்சியக்கா. "வலி ஏழரைக்கு வந்தது. இஞ்சி குடிச்சது அதுக்கப்புறம். வாயுன்னா கால் மணியில ஏப்பம் வந்திருக்கணும். ரெண்டு தரம் குடிச்சும் வரல. பதினாறு வருஷமா இஞ்சி குடுக்கறேன், அதுக்குக் கேக்கற வலி எது, கேக்காத வலி எதுன்னு எனக்குத் தெரியும். இது கேக்காத வலி. இ.சி.ஜி. எடுங்க."

"தேவைப்பட்டா நாங்களே எடுப்போம்மா. இந்த வயசுல பொம்பளைங்களுக்கு இப்படிப் படபடப்பு வர்றது சகஜம்."

"எடுக்காம நான் இறங்க மாட்டேன்."

"பின்னாடி எத்தனை பேர் நிக்கறாங்க பாருங்க. எழுந்திருங்கம்மா."

"ஆள் இருந்தா தூக்கிட்டுப் போங்க."

கட்டிலின் இரும்புச் சட்டத்தை வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வரிசையில் நின்ற ஒருத்தர் "என்ன பொம்பளை இது" என்று உச்சுக் கொட்டினார். அவள் மானத்துக்கு அஞ்சுகிறவள்தான், தெருவில் சத்தம்போட்டுப் பேசக்கூடக் கூச்சப்படுகிறவள்தான். ஆனால் பயமாக இருந்தது. சாவுக்குப் பயமில்லை என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. மகளுக்கு அடுத்த மாதம் தேர்வு. நாற்பத்தெட்டு வயதில், வாயு மாத்திரைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னலோரமாகச் செத்துப்போக அவளுக்குச் சம்மதம் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை, துடைக்க வேண்டுமானால் சட்டத்தை விட வேண்டும்.

மூலையில் ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸ் ஒருத்தி, அவள் வயதுதான் இருக்கும், யாரையும் கேட்காமல் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "அஞ்சு நிமிஷ வேலை சார். எடுத்துட்டா அவங்களும் நிம்மதியா போவாங்க" என்றாள். டாக்டர் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

திரையை இழுத்துவிட்டு, நர்ஸ் அவளைப் படுக்கவைத்து ஒயர்களை ஒட்டினாள். "ஆடாம படுங்க." காகிதம் மெல்ல வெளியே வந்தது. நர்ஸ் அதைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, ஆனால் குரல் மாறியது. "சார். இங்க கொஞ்சம் வாங்க. உடனே."

டாக்டர் வந்து காகிதத்தை வாங்கினார். ஒரு தரம் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்து மறுபடியும் பார்த்தார். தூக்கமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"அம்மா, எழுந்திருக்காதீங்க."

"நான் எங்க எழுந்திருந்தேன்?"

அதற்குப் பிறகு எல்லாம் மடமடவென்று நடந்தது. மென்று விழுங்கச் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள், கையில் ஊசி ஏற்றினார்கள், யாருக்கோ போன் போட்டார்கள், மூக்கில் குழாய் வைத்தார்கள். இதய ரத்தக்குழாயில் அடைப்பு, இப்போதே உள்ளே கொண்டுபோய்த் திறந்துவிடுகிறோம், நல்ல வேளை வந்தீர்கள் என்று டாக்டர் குனிந்து, மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். பிறகு தயங்கி, "நான் உங்களை அனுப்பியிருப்பேன்" என்றார்.

"நீங்க அனுப்பியிருப்பீங்க. நான் போயிருக்க மாட்டேன்" என்றாள் இஞ்சியக்கா.

அவளைத் தள்ளுவண்டிக்கு மாற்றுகிற நேரத்தில் கணவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். கையெல்லாம் கிரீஸ். ஒரு கையில் பிளாஸ்க். திரைக்கு வெளியே இருந்தே ஆரம்பித்துவிட்டார். "என்ன இது, சொல்லாம கொள்ளாம கேண்டீனை மூடிட்டு வந்துட்டே? அங்க எல்லாரும் டீ இல்லாம என் உயிரை எடுக்கறாங்க. உனக்காக நானே இடிச்சுப் பிழிஞ்சு கொண்டாந்திருக்கேன். சூடா இருக்கு, குடி. ஒரு ஏப்பம் விட்டேன்னா நேரா வீட்டுக்குப் போயிடலாம்."

திரையை விலக்கிப் பார்த்தவர் அப்படியே நின்றார். ஒயர்களைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், டாக்டர் முகத்தைப் பார்த்தார்.

"இவங்களுக்கு மாரடைப்பு" என்றார் டாக்டர். "உள்ளே கொண்டுபோறோம். நீங்க கையெழுத்துப் போடணும்."

கணவரின் முகத்தில் ஈயாடவில்லை. "நான் வாயுன்னுதான்..." என்று இழுத்தார். உதடு கோணியது. பிளாஸ்க் இல்லாத கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

தள்ளுவண்டி நகர்ந்தது. இஞ்சியக்கா தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை. இறங்க வேண்டிய அவசியமும் இல்லை.

"அதை நீங்களே குடிங்க" என்றாள். "உங்களுக்குத்தான் இப்போ வயித்தைக் கலக்குது. அதுக்கு இஞ்சி நல்லா கேக்கும்."