மேலே பார்க்காத தெரு

மே மாதம் வந்தால் எங்கள் துறைமுகத் தெருவில் யாரும் மேலே பார்ப்பதில்லை. கடல் பக்கத்து மாடி ஜன்னல்களுக்குத் திரை போட்டுவிடுவார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும். சுவர்களில் கிரிக்கே என்கிற கடற்பறவை கூடு கட்டுகிறது. கூட்டில் முட்டை இல்லாத வரைக்கும் கூட்டைக் கலைத்துக்கொள்ள நகராட்சி விடுகிறது. முட்டை வந்தபின் கை வைக்கக் கூடாது. ஆகவே முட்டை யார் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்கிறோம்.

என் அண்ணன் ஐவிந்த் பழைய கருவாட்டுக் கிடங்கை வாங்கிக் காபிக் கடை ஆக்கியிருக்கிறான். கீழே மேசைகள், மேலே சாமான் அறை. மாடி ஜன்னல்களின் வெளி விளிம்புகளில் வரிசையாகக் கூடுகள். அன்று காலை சுற்றுலாக் கப்பல் வந்திருந்தது. அவன் நீளக் குழாயைப் பிடித்துச் சுவரைக் கழுவிக்கொண்டிருந்தான். கூடுகளின் சேறும் பாசியும் கரைந்து வழிந்தன. பறவைகள் கத்திக்கொண்டு எழும்பின. மூன்றாவது ஜன்னலில் இருந்த ஒன்று மட்டும் எழவில்லை. உடம்பை அழுத்தி, தலையை உள்ளே இழுத்துக்கொண்டு நனைந்தது.

"அண்ணா, அது எந்திரிக்கல பாரு."

"கொழுப்பு. எந்திரிக்கும்."

"தண்ணி பட்டும் எந்திரிக்கலன்னா கீழ முட்டை இருக்கு."

"நீ பார்த்தியா?"

"உக்காந்திருக்கற விதத்துலயே தெரியுது."

"அப்ப பார்க்கல." குழாயைக் கொஞ்சம் தாழ்த்தினான். "மேசை மேசையா எச்சம். நேத்து ஒரு அம்மா சூப்பை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சுப் போச்சு. அந்த நாத்தத்துல உன் பறவையா வந்து சாப்பிடும்?"

"அந்த ஜன்னலை மட்டும் விடு. நான் திரும்பி வர்ற வரைக்கும்."

"சரி, விடறேன். போ. படிச்சதை எல்லாம் படகுல பேசு. அங்க மட்டும் வாயில கொழுக்கட்டை."

படகை ஓட்டும் தோர்திஸ் அக்கா கடைக்கு எதிரே துறையில் கயிற்றை அவிழ்த்தபடி சிரித்தார். "ஏம்ப்பா, காலங்காத்தால தங்கச்சிகிட்ட மல்லுக்கு நிக்கற? ஜனம் ஏறி உக்காந்தாச்சு."

கப்பல் பயணிகளுக்குச் சுற்றிக்காட்ட ஐவிந்த் விடும் படகில் ஒலிபெருக்கியைப் பிடிப்பதுதான் என் வேலை. ஆட்கள் முன்னால் பேச எனக்கு வராது. உள்ளங்கை வியர்க்கும். ஐவிந்த் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து ஒப்பிப்பேன். எங்கள் ஊரில் பார்க்க வேண்டியவற்றில் முதலாவது பறவைப் பாறை. இரண்டாவது, பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த வாஃபிள், ஐவிந்த் கடையில்.

பறவைப் பாறையில் பறவைகள் இல்லை. கடல் சூடாகி இரை தள்ளிப் போனது. கழுகுகள் குஞ்சுகளைக் கொத்திக்கொண்டு போயின. மிஞ்சியவை கழுகு வரத் தயங்கும் இடம் தேடி ஊருக்குள் வந்துவிட்டன. பாறையில் இருப்பது பழைய எச்சத்தின் வெள்ளைக் கறை. இப்போது இரை தேடப் போயிருக்கின்றன என்று சொல்லும்படி ஐவிந்த் எழுதிக் கொடுத்திருந்தான். சீசன் தொடங்கியதிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

முன் வரிசையில் சிவப்புத் தொப்பி போட்ட வயதான பெண் ஒருத்தி. பாறையை வெகுநேரம் பார்த்தாள்.

"எல்லாமே ஒரே நேரத்துலயா இரை தேடப் போகும்?" என்று கேட்டாள். "கூட்டைப் பார்த்துக்க ஒண்ணாவது இருக்காதா?"

சரியான கேள்வி. ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோனேன்.

"இங்க பறவை கிடையாது," என்றேன். குரல் நடுங்கியது. நிறுத்தவில்லை. "வருஷக்கணக்கா கிடையாது. அதுங்க எல்லாம் இப்ப எங்க ஊர்ச் சுவர்ல இருக்கு. நீங்க காபி குடிச்ச கடை இருக்கே, அதோட சுவர்ல. தண்ணி அடிச்சுக் கலைக்கறாங்க. கடைக்காரர் என் அண்ணன்."

எல்லோரும் ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

தோர்திஸ் அக்கா எஞ்சின் அறையிலிருந்து தலையை நீட்டினார். "அடி பாவி. இத்தனை நாளா இது எங்கடி இருந்துச்சு?"

"திருப்புங்க அக்கா."

"திருப்பறேன், திருப்பறேன். உங்க அண்ணன் என்னையும் சேர்த்துத் திட்டுவான். எனக்கென்ன, நான் காதே கேக்காதவ மாதிரி இருந்துக்குவேன்."

படகு கரை சேருமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே, கழுவிய வெள்ளைச் சுவரில், மஞ்சளாக ஒரு கோடு இறங்கியிருந்தது. ஐவிந்த் குழாயும் கையுமாக இன்னும் அங்கேதான் நின்றான். விடறேன் என்று சொன்னவன்.

அவனிடம் பேசினால் அழுதிருப்பேன், அழுதால் அவன் ஜெயித்திருப்பான். கடைக்குள் நுழைந்து மாடிப்படி ஏறினேன். பின்னால் சிவப்புத் தொப்பிக்காரியும் இன்னும் சிலரும் வந்தார்கள். சாமான் அறையில் மாவு மூட்டைகளைத் தாண்டி மூன்றாவது ஜன்னல் திரையைப் பிடித்து இழுத்தேன். கம்பியோடு கையில் வந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் கூடு. பாதி கரைந்திருந்தது. ஓரத்தில் உடைந்த முட்டை ஓடு ஒட்டிக்கிடந்தது. நடுவில், புள்ளி போட்ட பழுப்பு முட்டை ஒன்று முழுசாக இருந்தது. பறவை எங்களைக் கண்டு பறந்துவிட்டது.

"முட்டை," என்றாள் சிவப்புத் தொப்பிக்காரி. பக்கத்து ஜன்னலைத் திறந்து கீழே பார்த்து இன்னும் சத்தமாகச் சொன்னாள். தெருவே கேட்டிருக்கும்.

ஐவிந்த் நிமிர்ந்து பார்த்தான். குழாயைக் கீழே போட்டான்.

முட்டை குளிர்ந்துவிடும். நாங்கள் நின்றால் தாய் வராது. ஜன்னலைச் சாத்தி எல்லோரையும் கீழே போகச் சொன்னேன். கெஞ்சவில்லை, சொன்னேன். போனார்கள். நான் ஜன்னலடியில் குந்தி உட்கார்ந்தேன். கூரை மேல் பறவை சுற்றிச் சுற்றிக் கத்துவது கேட்டது.

ஐவிந்த் தடதடவென்று ஏறி வந்தான்.

"உனக்குப் பைத்தியமாடி? கப்பல் ஜனம் முன்னாடி..."

"குனி."

"என்னது?"

"குனி! நீ நின்னா அது வராது."

என்னை முறைத்தான். பிறகு குனிந்து, என் எதிரில் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தான். முழங்கால் வரை நனைந்திருந்தான்.

"நாளையிலேருந்து நீ படகுக்கு வர வேண்டாம்," என்றான், ரகசியக் குரலில்.

"நீ கூப்பிட்டாலும் வரமாட்டேன்."

"ஒரு முட்டைக்காக என் கடையை..."

"ரெண்டு. ஒண்ணை நீ உடைச்சுட்ட."

"நான் பார்க்கல."

"நான் சொன்னேன் உங்கிட்ட. நீ சரின்னு சொன்ன."

"மெதுவாப் பேசு," என்றான் அவன்.

எனக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. கையை முழங்காலுக்கடியில் வைத்துக்கொண்டேன். கூரை மேல் பறவையின் கத்தல் நின்றது. விளிம்பில் நகம் கீறும் சத்தம். ஐவிந்த் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். பிறகு இறகை ஒடுக்கி அது அமர்கிற மெல்லிய சலசலப்பு.

ஐவிந்த் காலை மாற்றி மாற்றி மடக்கிப் பார்த்தான்.

"கால் மரத்துப் போச்சு," என்றான் கடைசியில். "எந்திரிக்கலாமா?"

"நீ எந்திரிக்காத," என்றேன். "தவழ்ந்து போ."

அவன் தவழ்ந்து போனான். வாசலில் திரும்பி என்னைப் பார்த்தான், ஏதாவது சொல்வேன் என்று. நான் ஜன்னலடிச் சுவரில் காதை வைத்துக்கொண்டேன்.