குரமோச்சி அம்மாவுக்கு மட்டும் இயல்பு வேகம்

தெராஒகா குனியோ ஓட்டுநராக இருந்த காலத்தில் இமாபாரி நகரப் பேருந்தை ஒரு நாளும் வேக வரம்பைத் தாண்டி ஓட்டியதில்லை. பின்னால் வரும் லாரிக்காரன் ஹார்னை அலறவிட்டாலும் மனுஷன் அசையமாட்டார். அப்பேர்ப்பட்டவர், கண் அழுத்த நோயில் பார்வை போன பிறகு, புத்தகம் கேட்பதில் மட்டும் பறந்தார். பார்வையற்றோர் நூலகத்திலிருந்து தபாலில் வரும் ஒலிப்புத்தக சிடித் தட்டை மேசைமேல் இருக்கும் பிளேயர் பெட்டியில் போடுவார். வேகத்தை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏற்றிவிடுவார். குருவிக் கூட்டம் சண்டை போடுவதுபோல் கீச்சுக்கீச்சென்று கதை ஓடும். அவர் மனைவி மிசாவோவுக்கு ஒரு வார்த்தை புரியாது.

"இதுல என்னதாங்க கேக்குது உங்களுக்கு?"

"எல்லாம் கேக்குது. சும்மா இரு, கொலைகாரனைப் பிடிக்கப் போறாங்க."

அதெல்லாம் சரிதான். கண் போன மனுஷர் எப்படியோ பொழுதை ஓட்டுகிறாரே என்று மிசாவோவும் நிம்மதியாகத்தான் இருந்தாள், குரமோச்சி ரித்சுகோ என்கிற ஒருத்தி வாசித்த தட்டு வீட்டுக்குள் வரும் வரைக்கும்.

அன்றைக்கு மிசாவோ துணி மடித்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல் குருவிச் சண்டை ஆரம்பித்தது. குனியோ நெற்றியைச் சுருக்கினார். பொத்தானை ஒரு தட்டு, இன்னொரு தட்டு. "வேகம், இயல்பு" என்றது பெட்டி. அப்புறம் ஒரு பெண்குரல் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக இறங்கி வந்தது. குனியோ நாற்காலியில் முன்னால் சாய்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, வாயைக்கூட மூடாமல் கேட்டார். முடிவில் அந்தக் குரல் வழக்கப்படி, "வாசித்தவர், குரமோச்சி ரித்சுகோ" என்றது. குனியோ பெட்டியைப் பார்த்து மரியாதையாகத் தலை குனிந்து வணங்கினார்.

"ரொம்ப சிரமப்பட்டீங்க" என்றார்.

மிசாவோவின் கையிலிருந்த துண்டு அப்படியே நின்றது. கல்யாணமாகி நாற்பது வருஷம். விடியக்காலையில் எழுந்து மதிய டப்பா கட்டிக் கொடுத்தவள் அவள். கண் ஆஸ்பத்திரிக்குக் கைப்பிடித்துக் கூட்டிப் போனவள் அவள். அவளுக்கு ஒரு நாள், ஒரு பொழுது, இப்படி ஒரு குனிவு உண்டா? கூப்பிட்டால் "ஹும்" வரும். அதுவும் மூன்றாம் தடவை கூப்பிட்டால்தான் வரும்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. நூலகத்துக்குப் போன் போட்டால் "குரமோச்சி அம்மா வாசிச்சது வேற ஏதாவது இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. மற்ற எல்லாருக்கும் மூன்று மடங்கு வேகம், குரமோச்சிக்கு மட்டும் இயல்பு. நடிக்காமல், உணர்ச்சி காட்டாமல் வாசிக்க வேண்டும் என்பது அந்த நூலகத்து வாசிப்பாளர்களுக்கு விதி. மிசாவோவுக்கோ அந்தக் காட்டாத உணர்ச்சிதான் பெரிய தளுக்காகப் பட்டது. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டவளுக்கு எது பட்டாலும் பற்றிக்கொள்ளும், அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் தங்கை சிசுருவிடம் போய்ப் புலம்பினாள். தங்கை கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"அக்கா, உனக்கு வெக்கமா இல்ல? ஊர்ல அவளவளுக்கு ஆளோட சண்டை. உனக்குச் சத்தத்தோட சண்டையா?"

"சிரிடி, சிரி. உன் புருஷன் ஒருத்தி குரலுக்கு வாயைப் பொளந்துகிட்டு உக்காந்தா அப்பத் தெரியும்."

"என் புருஷன் எந்தக் குரலுக்கும் முழிக்கவே மாட்டாரு. தூங்கிடுவாரு. இதப் பாரு, மாமா வீட்லயே அடைஞ்சு கெடக்குறாரு, அதான் பிரச்சினை. சட்டைப் பையில வச்சுக் கேக்குற சின்ன மெஷின் வந்திருக்கு. வாங்கிக் கொடு, காலாற நடந்துட்டு வரட்டும்."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். மிசாவோ போய் வாங்கி வந்தாள். உள்ளங்கை அகலம்தான் இருந்தது, திரை கிடையாது, தடவிப் பார்த்தாலே தெரியும்படி மேடு பள்ளமாகப் பொத்தான்கள். தட்டைப் பெட்டியில் போட்டு, பக்கத்தில் மெமரி கார்டைச் செருகிப் பொத்தானை அழுத்தினால் பெட்டியே நகல் எடுத்துவிடும். கார்டைக் கழற்றிச் சின்ன மெஷினில் போட வேண்டும். கார்டு நகத்தளவுதான், குனியோ இரண்டு தடவை தொலைத்துத் தரையெல்லாம் தடவிய பிறகு அந்த வேலை மிசாவோவின் தலையில் விழுந்தது. தட்டை உறையிலிருந்து எடுப்பாள். மேலே வாசித்தவர் பெயரைப் பார்ப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு நகல் எடுப்பாள். தன் கையாலேயே சக்களத்தியை வாரி எடுத்துப் புருஷன் சட்டைப் பைக்குள் வைத்துக் கொடுத்தாள், பாவி மகள்.

முன்பெல்லாம் குரமோச்சி முன்னறையில் மட்டும் இருந்தாள். இப்போது துறைமுகத்துக் கரையில் நடக்கும்போதும் கூட வந்தாள். ஆரஞ்சுப் பழம் உரிக்கும்போதும் வந்தாள். போர்வைக்குள்ளும் வந்தாள். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு இந்தப் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்திருக்கும் மனுஷரிடம், "நாளைக்கு மீன் வாங்கவா?" என்று கேட்டால் "ஹும்"கூட வருவதில்லை.

இப்படி இருக்கையில் குரமோச்சி வாசித்த ஒரு துப்பறியும் கதை வந்தது. தபால் பையில் இரண்டு தட்டு. முதல் தட்டில் இடம் போதாமல், கொலைகாரன் யார் என்று தெரியவரும் கடைசி அத்தியாயம் மட்டும் இரண்டாவது தட்டுக்குப் போயிருந்தது. மிசாவோ முதல் தட்டை நகல் எடுத்தாள். இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். நான் வாசித்தால் என்ன? எனக்கு வாய் இல்லையா? என் குரல் வரும்போது இந்த மனுஷர் கை அந்த வேகப் பொத்தானுக்குப் போகிறதா இல்லையா என்று பார்த்துவிடுகிறேன்.

நகர நூலகத்துக்குப் போய் அதே புத்தகத்தை அச்சில் எடுத்து வந்தாள். குனியோ பார்வையற்றோர் பாட்டுக் குழுவுக்குப் போயிருந்த மத்தியானம், கதவைச் சாத்திக்கொண்டு சின்ன மெஷினை முன்னால் வைத்தாள். அது வாய் திறந்து குழப்பக்கூடாது என்று வழிகாட்டும் குரலை அணைத்துவிட்டாள். பதிவுப் பொத்தானை அழுத்தினாள். ஓரத்தில் சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கியது. ஓடுகிறது என்று வாசிக்க ஆரம்பித்தாள். ஒரு பக்கம் வாசிப்பாள், மூச்சு வாங்கும், பொத்தானை அழுத்துவாள். விளக்கு மினுக்காமல் அசையாது நிற்கும். நின்றுவிட்டது என்று தேநீர் குடிப்பாள், வாயில் வந்ததைப் பேசுவாள். மறுபடி அழுத்துவாள், விளக்கு மினுக்கும், வாசிப்பாள். கடைசியில் குரமோச்சி மாதிரியே, "வாசித்தவர், தெராஒகா மிசாவோ" என்று சொல்லி முடித்தாள். சொல்லும்போது கன்னம் சூடேறியது. தன் குரலைத் தானே கேட்கக் கூச்சமாக இருந்ததால் போட்டுப் பார்க்கவில்லை. தட்டு இரண்டையும் பைக்குள் போட்டு, முகவரி அட்டையைத் திருப்பிச் செருகி, ஓடிப்போய்த் தபால் பெட்டியில் தள்ளிவிட்டு வந்தாள்.

"ரெண்டாவது தட்டுல கீறல், காப்பி ஆகல" என்றாள் குனியோவிடம். "திருப்பி அனுப்பிட்டேன். கடைசி அத்தியாயத்தை நானே வாசிச்சு வச்சிருக்கேன்."

"கீறலா? அடடா. குரமோச்சி அம்மாவுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுமே."

ஆமாம், அவள் வருத்தம்தான் இந்த வீட்டில் குறைச்சல். மிசாவோ சமையலறைக்குப் போய் முள்ளங்கியை வெட்டு வெட்டு என்று வெட்டினாள்.

மறுநாள் காலை குனியோ முன்னறையில் உட்கார்ந்து இயர்போனுடன் கேட்டுக்கொண்டிருந்தார். முதல் தட்டுக் கதை முடியும் நேரம். மிசாவோ குழம்புச் சட்டியைத் துலக்கும் சாக்கில் கதவோரம் நின்றாள். அவள் கண் முழுக்க அவர் கட்டை விரலில். மெஷினின் இடது ஓரம், மேல் பொத்தான் வேகம் கூட்ட, கீழ்ப் பொத்தான் குறைக்க. கட்டை விரல் நகர்ந்தது. மேல் பொத்தான்! ஒரு தட்டு, இரண்டு தட்டு, மூன்று, இன்னும் தட்டுகிறார்.

போச்சு. குரமோச்சிக்கு நடைவண்டி, எனக்கு மட்டும் விரைவு ரயில். சீக்கிரம் முடிந்து தொலையட்டும் என்றுதானே அர்த்தம்? மிசாவோவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. சட்டியை அந்த மனுஷர் தலையில் கவிழ்த்தால் என்ன என்று இருந்தது.

குனியோ திடீரென்று நிமிர்ந்தார். கீழ்ப் பொத்தானைத் தட்டினார். பின்னால் ஓட்டினார். கேட்டார். மறுபடி பின்னால் ஓட்டினார். தோள் குலுங்கியது.

"மிசாவோ, இங்க வா."

"எனக்கு வேலை இருக்கு."

"கதவுக்கிட்டதானே நிக்கிற? வந்து உக்காரு."

இயர்போன் ஒயரை மெஷினிலிருந்து பிடுங்கினார். மெஷினிலிருந்து ஒருத்தி தேநீரை உறிஞ்சும் சத்தம் வந்தது. பிறகு மிசாவோவின் குரல்.

"ஆமா, இந்த எடத்தை அவ உருகி உருகி வாசிச்சிருப்பா. இவரும் உருகியிருப்பாரு. குரமோச்சியாம் குரமோச்சி! மூஞ்சி எப்படி இருக்குமோ." ஒரு இருமல். பீப். பீப். "அப்பாடா, தொண்டை கட்டுது. கீறலாம் கீறல்! தட்டு பளபளன்னு இருக்கு. இந்த மனுஷனுக்கு நான் பொய் வேற சொல்லணும்." பீப். பீப். "நாப்பது வருஷத்துல ஒரு நாளாவது என்னை மெதுவாக் கேட்டிருக்காரா?"

மிசாவோவுக்குக் காது வரை பற்றிக்கொண்டது. "அத்தியாயம் எங்க? நான் வாசிச்சது எங்க?"

"ஒரு வரி இல்ல. நீ தேநீர் குடிச்சது இருக்கு, இருமுனது இருக்கு, திட்டுனது பூரா இருக்கு. வாசிக்கறப்போ எல்லாம் நிறுத்திட்டு, பேசறப்போ ஓடவிட்டிருக்க."

"சிவப்பு விளக்கு மினுக்குச்சே!"

"விளக்கைக் கண்டேனா நான்? ஒரு பீப்னா பதியுது, ரெண்டு பீப்னா நிக்குது. எங்க பாட்டுக் குழுவுல ஒருத்தருக்கும் இந்தத் தப்பு வராது. இப்படி ஏமாறக் கண்ணு இருக்கணும்."

குட்டு இவ்வளவு வெளிப்பட்ட பிறகு அடங்கிப்போனால் அவள் மிசாவோ இல்லை. "அது கெடக்கட்டும். என் குரல்னதும் எதுக்கு வேகத்தை ஏத்துனீங்க? அவளுக்கு மட்டும் மெதுவா!"

"அந்தம்மா வாக்கியத்தோட வாலை முழுங்கிடும். கொஞ்சம் வேகம் வச்சா கஞ்சிதான். குத்தினானா, குத்தலையான்னே தெரியாது. கொலைக் கதையில அது தெரியலேன்னா என்னத்துக்கு ஆகும்?"

"அப்புறம் எதுக்கு அவ வாசிச்சதையே தேடித் தேடி வாங்குறீங்க?"

"ரத்தம்னா மத்த அம்மாமாருங்க தொடவே மாட்டேங்கிறாங்க. அந்தம்மா ஒண்ணுதான் அசராம வாசிக்குது." தலையைச் சொறிந்தார். "உன் பேச்சு அப்படியா? மூணு மடங்குல போட்டேன், ஒரு வார்த்தை விடாம புரியுது. எத்தனை வருஷமாக் கேக்குறேன்."

"எங்க கேக்குறீங்க? கேட்டா 'ஹும்'முனாவது சொல்லமாட்டீங்களா?"

குனியோ மெஷினைக் கையில் திருப்பித் திருப்பிப் பிடித்தார். "அந்தக் கடைசி வரி இருக்கே, அதை மட்டும் மெதுவாக் கேட்டேன். திரும்பவும் கேட்டேன்" என்றார் தாழ்ந்த குரலில். "நல்லா இல்ல, மிசாவோ. நான் நடந்துகிட்டது."

மிசாவோ ஏப்ரன் நுனியில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, கதையில அந்த விதவையைக் கொன்னது யாரு? அது தெரியாம எனக்குச் சோறு இறங்காது. புஸ்தகம் வீட்லதானே இருக்கு?"

"துண்டு வைக்கிற அலமாரியில."

"எடுத்துட்டு வா. விளக்கும் வேணாம், பீப்பும் வேணாம். நீ வாசி."

அவள் கொண்டுவந்து எதிரே உட்கார வெட்கப்பட்டு, அவருக்குப் பின்பக்கமாக, ஜன்னலோரம் உட்கார்ந்து வாசித்தாள். முதல் பக்கம் தடதடவென்று ஓடியது. "மெதுவா" என்றார் குனியோ. மெதுவாக வாசித்தாள். பழைய படகோட்டிதான் கொலைகாரன் என்று தெரிந்த இடத்தில் அவர் தொடையில் தட்டி, "நெனைச்சேன்!" என்றார். நினைத்திருக்கவே மாட்டார், சும்மா. குழம்புச் சட்டி துலக்காமலே தரையில் கிடந்தது. கடைசி வரியை முடித்து, கொஞ்சம் தயங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வாசித்தவர், தெராஒகா மிசாவோ."

குனியோ முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, முன்னால் மேசைமேல் கிடந்த மெஷினை நோக்கித் தலை குனிந்து வணங்கினார். "ரொம்ப சிரமப்பட்டீங்க."

"நான் இந்தப் பக்கம் இருக்கேன்."

அவர் தடவிப் பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, குரல் வந்த திக்கில் மறுபடி குனிந்தார்.

மிசாவோ புத்தகத்தை மூடவில்லை. தலையைச் சாய்த்து அந்தக் குனிவை அளந்து பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் குனியுங்க" என்றாள். "அவளுக்கு இதைவிடக் குனிஞ்சீங்க."