என் தேதிகள்

1

திங்கட்கிழமை காலை ஐந்து மணி ஐம்பத்திரண்டு நிமிடம். இந்தக் கதை பிறந்த நேரம் அது. இதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. கைபேசித் திரையின் மூலையில் அந்த எண் இருந்தது. கைபேசி என்னுடையது அல்ல, தங்கையுடையது.

"தட்ட முடியலக்கா. நீயே போட்டு அனுப்பிடு" என்றாள். வலது கை விரல்வரை மாவுக்கட்டில் இருந்தது. "ஆறு மணிக்குள்ள போகணும். இல்லன்னா பேருக்கு நேரா சிவப்பு விழும்."

தங்கை சைக்கிள் வீராங்கனை. மலைச்சாலைப் பந்தயக்காரி. அவள் அணியில் ஒன்பது பெண்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் எல்லோரும் ஒரு படிவத்தை நிரப்பி அணி மருத்துவருக்கு அனுப்ப வேண்டும். தூங்கிய மணி, எடை, மனநிலை, கடைசியாக மாதவிடாய் தொடங்கிய தேதி.

"தூக்கம் எட்டு. எடை நாப்பத்தெட்டு. மனநிலை நல்லாயிருக்கு."

"நல்லாவா இருக்கு?"

"போடுக்கா. தேதி புதுசா ஒண்ணும் இல்ல, அப்படியே விடு."

விரல் பட்டுவிட்டது. பழைய தேதிகள் வரிசையாகக் கீழே இறங்கின. பதினான்கு மாதத் தேதிகள்.

அவை என்னுடையவை.

(இந்த வரியை இங்கே வைத்திருக்கக் கூடாது. கதை எழுதத் தெரிந்தவர்கள் கடைசிவரை ஒளித்து வைப்பார்கள். இந்த வீட்டில் ஏற்கெனவே ஒளித்து வைத்திருப்பது போதும்.)

2

இதற்கு முன் மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: "அவள் ஓட்டப்பந்தய வீராங்கனை. அதிகாலையில் மைதானத்தை" – தங்கையை மறைக்கத்தான் ஓட்டம். நிறுத்திவிட்டேன். சைக்கிளை எடுத்துவிட்டால் கதை நிற்காது. காரணம் பின்னால் வரும்.

இரண்டாவது: "பயிற்சியாளர் கொடியவர்." அடுத்த வரி வரவில்லை.

மூன்றாவது: "சின்ன வயதில் அவளுக்குப் பூசணி என்று பெயர் வைத்தது" – யார் என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது. நான்தான் வைத்தேன். எனக்குப் பதினேழு வயது, அவளுக்கு ஏழு. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இப்போது நான் நம்பவில்லை.

இப்போது அணியில் அவளைப் பஞ்சு என்று கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருக்கிறது.

3

பயிற்சியாளரைக் கொடியவராக்கினால் கதை சுலபமாக முடிந்துவிடும். சுலபமாக முடியும் எதன் மீதும் எனக்குச் சந்தேகம் உண்டு.

பயிற்சிக்கூடத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது. ஒன்பது பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஓர் எண். மிதிக்கும் சக்தியை உடல் எடையால் வகுத்தால் வருவது. ஒரு கிலோவுக்கு எத்தனை வாட். ஏற்றத்தில் ஜெயிப்பது அந்த எண்தான் என்பார் பயிற்சியாளர். சக்தியைக் கூட்ட ஆண்டுக்கணக்கில் மிதிக்க வேண்டும். எடையைக் குறைக்கச் சாப்பாட்டு மேசை போதும். பலகை இதைச் சொல்லாது. ஆனால் ஒன்பது பேருக்கும் வகுத்தல் தெரியும்.

ஒரு மாலை அவளைக் கூட்டிவரப் போனபோது கேட்டேன்.

"சார், இவ இப்படி எலும்பும் தோலுமா ஆகிட்டிருக்காளே, உங்க கண்ணுல படலையா?"

அவர் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கோணல் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் இதுவரைக்கும் யாரையும் எடையக் குறைக்கச் சொன்னதில்லம்மா. வேணும்னா கேட்டுப் பாருங்க."

"கேட்டேன். அவளும் அதையேதான் சொல்றா."

"அப்புறம் என்ன? படுத்திருக்கும்போது இவ நாடி எவ்வளவு தெரியுமா? முப்பத்தெட்டு. குதிரை இதயம்மா இது."*

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் தொந்தரவு. பலகையில் எண் எழுதுகிறவர், அவ்வளவுதான். பலகையை அழிக்கும் துணிகூட எப்போதும் சுத்தமாக இருக்கும்.

* குதிரை இதயமாக இருக்கலாம். பாதி வெளிச்சத்தை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் வீடாகவும் இருக்கலாம். கோடையில் ஸ்வெட்டர் போட்டுத் தூங்குகிறவளின் இதயம் அது.

4

வீட்டுப் பேச்சையும் கொஞ்சம் எழுதியாக வேண்டும். இல்லையென்றால் அவள் வெறும் நோயாளியாகத் தெரிவாள்.

அவள் உருளைக்கிழங்கை வேகவைத்துத் தோலுரித்து, சின்னத் தராசில் வைத்து நிறுப்பாள். நூற்றிருபது கிராம். மிஞ்சும் துண்டை என் தட்டில் போடுவாள்.

"இது சாப்பாடா, சாம்பிளா?" என்பேன்.

"நீ ஒரு நாளைக்கு எழுதறது அஞ்சு வரி. அதுக்கு மூணு பிஸ்கட் உள்ள போகுது. வரிக்கு எத்தனை கிராம்னு நானும் ஒரு பலகை மாட்டட்டுமா?"

"மாட்டுடி. அதுலயாவது நான் முதல் இடம் வருவேன்."

சிரிப்பாள். கன்னத்தில் எலும்பு நகரும். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிடும். பிறகு அவளுக்கும்.

[இங்கே ஒரு பத்தி இருந்தது. குளிரைத் தாங்க அவள் முன்கையில் புதிதாக முளைத்திருந்த மென்மயிரைப் பற்றி. அழகாக எழுதியிருந்தேன். அழகாக இருந்ததால் அடித்துவிட்டேன்.]

5

விழுந்தது ஒரு வியாழக்கிழமை. நான் பார்த்தேன்.

பயிற்சி முடிந்து வந்து எங்கள் குடியிருப்பின் இரும்புக் கதவுக்கு முன்னால் நிறுத்தினாள். இந்தச் சைக்கிள்களில் ஷூவின் அடிப்பாகம் பெடலோடு பூட்டிக்கொள்ளும். இறங்கும்போது குதிகாலைத் திருப்பிக் கழற்ற வேண்டும். ஒன்பது வருடமாக ஓட்டுகிறவள் திருப்ப மறந்தாள். நின்ற சைக்கிளோடு வலப்பக்கம் மெதுவாகச் சரிந்தாள். கையை ஊன்றினாள்.

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு மணிக்கட்டைப் பார்த்தாள்.

அணி மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஐம்பதைத் தாண்டிய பெண். என் கதைகளைப் படிப்பவர். போன தொகுப்பின் கடைசிக் கதை தனக்குப் பிடிக்கவில்லை என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர்.

"எவ்வளவு வேகத்துல விழுந்தே?"

"முப்பது, முப்பத்தஞ்சு இருக்கும் டாக்டர். இறக்கத்துல."

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய கண்பரிசோதனை அட்டையைப் பார்த்தேன். கடைசி வரிவரை படிக்க முடிந்தது.

"நின்ன இடத்துல விழுந்து இப்படி உடைஞ்சிருந்தா இன்னைக்கே ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பேன்" என்றார். படிவங்களைத் திரையில் நகர்த்தினார். "எடை எல்லையிலதான் நிக்குது. ஆனா தேதியெல்லாம் மாசாமாசம் ஒழுங்கா வருதே. சரி. ஆறு வாரம் கட்டு. வீட்டுக்குள்ள ஸ்டாண்டுல வெச்சு மிதிச்சுக்கோ."

வெளியே வந்ததும் தங்கை சொன்னாள்: "தேங்க்ஸ்க்கா."

எதற்கு என்று நான் கேட்கவில்லை.

6

காரணம் பின்னால் வரும் என்றேன். இதுதான்.

உடல் செலவழிப்பதைவிடக் குறைவாகவே சாப்பாடு உள்ளே போனால், உடல் சில வேலைகளை நிறுத்துகிறது. முதலில் நிறுத்துபவற்றில் ஒன்று மாதவிடாய். அதை இயக்கும் சுரப்புதான் எலும்பையும் காக்கிறது. அது குறைந்தால் எலும்பு மெலிகிறது. ஓடுகிறவளுக்காவது காலடி தரையில் மோதும். அந்த மோதலில் எலும்பு கொஞ்சம் உரம் பெறும். சைக்கிள்காரி உட்கார்ந்திருக்கிறாள். பாரத்தை இருக்கை தாங்குகிறது.

அதனால்தான் அந்த நான்காவது கேள்வி. கடைசித் தேதியிலிருந்து நாற்பத்தைந்து நாள் தாண்டினால் மருத்துவருக்குத் தானாகவே தகவல் போகும். எலும்பு ஸ்கேன். மருத்துவர் கையெழுத்துப் போடும்வரை சைக்கிளைத் தொடக் கூடாது. கையெழுத்துக்கு ஓராண்டு காத்திருந்தவள் ஒருத்தி இருந்தாளாம். அவள் பெயர் இப்போது பலகையில் இல்லை.

எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு காலண்டர் தொங்குகிறது. அதில் மாதம் ஒருமுறை பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். பதினைந்து வருடப் பழக்கம். புள்ளி எதற்கு என்று இந்த வீட்டில் இருவருக்குத்தான் தெரியும்.

அந்தத் திங்கட்கிழமை படிவத்தை அனுப்பிவிட்டேன். அவள் ஸ்டாண்டில் மாட்டிய சைக்கிளை மிதிக்கும் சத்தம் கேட்கத் தொடங்கியதும், இந்த ஆண்டுக் காலண்டரையும் அலமாரியில் கிடந்த பழையதையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டேன். பதினான்கில் பதினான்கும் பொருந்தின. அக்காவும் தங்கையும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் தேதிகள் ஒன்றுசேரும் என்று சிலர் சொல்வார்கள். நானும் அதை நம்பிப் பார்த்தேன். ஆனால் போன ஆண்டு கடும் காய்ச்சலில் எனக்குப் பதினொரு நாள் தள்ளிப் போனது. அவளுக்கும் சரியாகப் பதினொரு நாள். அவளுக்குக் காய்ச்சல் இல்லை.

குளியலறை அலமாரியில் நாப்கின் பாக்கெட் ஒன்றுதான் இருந்தது. இரண்டு பெண்கள் உள்ள வீட்டில் அது மூன்று மாதம் வந்துகொண்டிருந்தது. சிக்கனம் என்று நினைத்திருந்தேன்.

(இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தேதிகள் பொருந்தியதும் முதலில் வந்தது பயம் அல்ல. கதை கிடைத்துவிட்டது என்று ஒரு கணம் மகிழ்ந்தேன். என்னையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

7

நேராகக் கேட்டிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். நான் பொறி வைத்தேன்.

கட்டுப் போட்ட மூன்றாவது வாரம் எனக்குப் புதன்கிழமை வந்தது. காலண்டரில் சனிக்கிழமைக் கட்டத்தில் புள்ளி வைத்தேன்.

திங்கட்கிழமை காலை கைபேசியை நீட்டினாள். நான் தட்டினேன். தூக்கம் எட்டு. எடை நாற்பத்தெட்டு. மனநிலை நல்லாயிருக்கு.

"தேதி?"

அவள் தண்ணீர் எடுக்கக் குளிர்சாதனப் பெட்டிவரை போனாள். கதவைத் திறந்தாள். மூடினாள். தண்ணீர் எடுக்கவில்லை.

"சனிக்கிழமைக்கா."

கேட்க வேண்டிய இடம் அதுதான். அவளுடைய முதுகு எனக்கு எதிரே இருந்தது. பனியனுக்குள் தோள்பட்டை எலும்புகள் இரண்டும் மூடாத கதவுகள்போல நீட்டிக்கொண்டிருந்தன. அணியில் ஆறு பேருக்குத்தான் வெளிநாட்டுப் பந்தயத்தில் இடம். ஏழு வாரத்தில் மலை ஏறித் தேர்வு. "இது ஒண்ணுதான்க்கா எனக்குச் செய்யத் தெரியும்" என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தாள். அழாமல் சொன்னாள். அழுதிருந்தால் கேட்டிருப்பேனோ என்னவோ.

சனிக்கிழமை என்று தட்டினேன். அனுப்பு என்பதை அழுத்தியது என் விரல்.

பொறியில் யார் விழுந்தது என்று அன்று முழுவதும் யோசித்தேன்.

8

முடிவுகள்.

அ) மருத்துவரிடம் சொல்கிறேன். ஸ்கேன். தங்கை வீட்டில் உட்கார்கிறாள். எலும்பு தேறுகிறது. என்னோடு பேசுவதில்லை. (மருத்துவரின் எண்ணை இரண்டு முறை அழுத்தினேன். இரண்டு முறையும் மணி அடிப்பதற்கு முன் துண்டித்தேன்.)

ஆ) சொல்லவில்லை. அவள் தேர்வில் ஜெயிக்கிறாள். மலையின் மறுபக்க இறக்கத்தில் மணிக்கு எழுபது கிலோமீட்டரில், நின்ற இடத்தில் விழுந்தே உடைந்த எலும்புகளோடு – இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

இ) இந்தக் கதையை அச்சுக்குக் கொடுக்கிறேன். மருத்துவர் படிப்பார். சொல்லாமலே சொன்னதாகிவிடும். கோழைகளுக்கு ஏற்ற முடிவு. நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் நான் அதைச் செய்துவிட்டேன். ஆனால் அச்சாக நாள் பிடிக்கும். தேர்வு வரும் ஞாயிற்றுக்கிழமை.

ஈ) இதுதான் நடந்தது. புள்ளி வைப்பதை நிறுத்திவிட்டேன்.

மாவுக்கட்டு பிரித்து மூன்று வாரம் ஆகிறது. இப்போது படிவத்தை அவளே நிரப்புகிறாள். சனிக்கிழமைப் புள்ளிக்குப் பிறகு எனக்கு மறுபடி வந்தது. நான் குறிக்கவில்லை. காலண்டரில் ஆறு வாரமாக எல்லாக் கட்டங்களும் வெள்ளை. நாப்கின் பாக்கெட்டை என் கைப்பையிலேயே வைத்துக்கொள்கிறேன்.

இன்று திங்கட்கிழமை. அந்தச் சனிக்கிழமையிலிருந்து நாற்பத்து நான்காம் நாள். இன்று தேதி போடாவிட்டால் நாளைக்கு அடுத்த நாள் மருத்துவருக்குத் தகவல் போய்விடும். ஒரு பொய்த் தேதியை அவளே கற்பனை செய்துகொள்ளலாம். யாரும் தடுக்கவில்லை. ஆனால் கற்பனை என் தொழில். அவள் எல்லாவற்றையும் ஓர் அளவைப் பார்த்துச் செய்கிறவள். தேதியையும் ஒரு மெய்யான உடலிலிருந்து எடுத்தால்தான் அவளுக்குச் சரியாக வரும் போலிருக்கிறது.

ஐந்து ஐம்பத்தாறு. அடுக்களை மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். மூன்று கட்டங்கள் நிரம்பிவிட்டன. நான்காவதின் மேல் கட்டைவிரல் நிற்கிறது. எழுந்து போய்க் காலண்டரின் முன்னால் நின்றாள். இந்த மாதத் தாளைத் தூக்கிப் போன மாதத்தைப் பார்த்தாள். தாளை விட்டாள்.

இனி அவள் ஒன்று கேட்பாள். அந்தக் குரலை எப்படி எழுதுவது என்று பலமுறை மாற்றிப் பார்த்தேன். அக்கறை இருந்தது என்று ஒரு பிரதியில் எழுதினேன். தேதியைத் தோண்டும் தந்திரம் என்று இன்னொன்றில். இரண்டையும் அடித்துவிட்டேன். குரல் உங்களுடையது. அதற்கு நான் சொல்ல வேண்டிய பதிலும்.

திரும்பி வந்து என் தோளில் கை வைத்தாள். உடைந்து கூடிய கை. கோடைக் காலையில் சில்லென்று இருந்தது.

"ஏன்க்கா, உனக்கு இந்த மாசம் இன்னும் வரலையா? டாக்டர்கிட்ட காட்ட வேண்டாமா?"