நடைச் சோதனை

நாற்காலி தடாலெனச் சரிந்தது. எழுந்து நடந்து காட்டச் சொன்ன இடத்திலேயே எண்பது வயது லரூசி விழுந்து கிடந்தார். ஸ்ஃபாக்ஸ் நகர ஆஸ்பத்திரியில் இந்தச் சோதனையில் தேறினால்தான் புற்றுநோய் மருந்து ஏற்றுவார்கள். சாதாரண வயிற்றுப்புண் என்றுதான் மகள் மோனியா அவரிடம் சொல்லியிருந்தாள்.

"இந்த உடம்பை மருந்தே கொன்னுடும்மா," என்று டாக்டர் அவள் காதோரம் சொன்னார்.

"கால்தான் இடறியிருக்கும் டாக்டர், பசி மயக்கமா இருக்காது, காலையில ரொட்டியும் பாலும் குடுத்தேன். இன்னொரு தடவை நடக்கவிடுங்க, கெஞ்சிக் கேக்கறேன்!"

லரூசி மகளின் கையைப் பிடித்தார்.

"அந்த ரொட்டியைப் பூனைதாம்மா தின்னுச்சு. வயித்துப்புண்ணுக்கா நீ அடுப்படியில நின்னு அப்படி அழுதே? இதுதான் என் கடைசி ரமலான்னு புரிஞ்சுது, அதான் நோன்பை விடல."