இடம் மாறிய கை

பெரியவள் பேசும்போது இடது, வலது என்று சொல்லவே மாட்டாள். "இப்படிப் பிடிச்சு, இப்படித் திருப்புங்க" என்பாள். மீதியைக் கை சொல்லிவிடும். மிக்ஸி பழுதுபார்க்கிற கடையில் எதிரே நிற்கிறவர்களுக்கு அது போதும். வீடியோவுக்கும் அது போதும் என்றுதான் இரண்டு வருடமாக அந்தச் சேனல் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டின் முன்னறைதான் கடை. சின்னவள் அவளுடைய கொழுந்தன் மனைவி. கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிற ஸ்டுடியோவில் வேலை பார்த்தவள். அதை மூடிவிட்ட பிறகு வீட்டில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் பெரியவள் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு, ஒரு திருகாணிகூடத் தேடாமல் திரும்பச் சேர்ப்பதைப் பார்த்தாள். கை அவசரப்படவும் இல்லை, தயங்கவும் இல்லை. போனை எடுத்துப் படம்பிடிக்கத் தொடங்கியது அன்றுதான்.

முதல் வருடம் முடிந்தபோது நூற்று நாற்பது பேர் சேர்ந்திருந்தார்கள்.

"அதுல பாதி நம்ம சொந்தக்காரங்க, மீதி வழி தவறி வந்தவங்க" என்றார் மாமியார். "கையை மட்டும் காட்டுறீங்களே, மூஞ்சியைக் காட்டினா அந்த நூத்திநாப்பதும் ஓடிடும்னு பயமா?"

பெரியவள் சிரித்தாளே தவிர விடவில்லை. தினமும் கடை திறக்குமுன் கமெண்ட்டுகளை ஒன்றுவிடாமல் படிப்பாள். பாராட்டுகளைத் தாண்டிப் போய்விடுவாள். 'எனக்கு வரல' என்று யாராவது எழுதியிருந்தால் அங்கே நின்றுவிடுவாள். அடுத்த வீடியோ அதிலிருந்துதான் பிறக்கும். இறுகிப்போன ஜார் பிளேடைக் கழற்றுவது பற்றிய வீடியோவும் அப்படி வந்ததுதான். அதை ஒன்பது லட்சம் பேர் பார்த்தார்கள். சேனலில் தொண்ணூற்றாறாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். கடைக்கு வருகிறவர்களிடம் பெரியவள், "எல்லாம் எங்க சின்னவளோட வேலை" என்று சொல்லும்போது சின்னவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அந்த வீட்டில் அதுவரை அவள் இன்னாருடைய மனைவி, அவ்வளவுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பெரியவள் போனை மேசைமேல் வைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"பதினோரு பேருடி. ஒரே மாதிரி எழுதியிருக்காங்க. திருப்பத் திருப்ப இறுகுதாம். ரெண்டு பேருக்குக் கப்ளரே உடைஞ்சுபோச்சாம்."

ஜாரின் அடியில் பல் பல்லாக இருக்கிற கறுப்புத் துண்டுதான் கப்ளர்; அதைக் கழற்றினால்தான் பிளேடு வெளியே வரும். சாதாரணத் திருகாணி கழலுகிற பக்கம் அது கழலாது, அதற்கு எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். அந்த வீடியோவின் உயிரே அந்த ஒரு விஷயம்தான்.

"ரெண்டாயிரம் கமெண்ட்ல பதினொண்ணுதானேக்கா. அவங்க சரியாப் பார்த்திருக்க மாட்டாங்க."

"பார்த்துத்தானே செஞ்சிருக்காங்க?"

சின்னவள் உள்ளறைக்குப் போய் வீடியோவை ஓட்டினாள். பெரியவளின் வலது புறங்கையில் சாலிடரிங் கம்பி சுட்ட பழைய தழும்பு ஒன்று உண்டு. கழற்றுகிற காட்சியில் அந்தத் தழும்பு இடது கையில் இருந்தது. படத்தை அந்த இடத்திலேயே நிறுத்தினாள்.

அந்த ஒரு காட்சியை மட்டும், மற்றவற்றை எடுத்ததற்கு மறுநாள் எடுத்திருந்தார்கள். மேசை இடம் மாறியிருந்ததால் வெளிச்சம் எதிர்ப்பக்கத்திலிருந்து விழுந்தது. முந்தைய காட்சியோடு ஒட்டவில்லை. அதனால் கண்ணாடியில் தெரிவதுபோல் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டாள். கல்யாண வீடியோக்களில் நூறு தடவை செய்தது. மாலை போடுகிற கை எந்தக் கையாயிருந்தால் யாருக்கு என்ன? இங்கே, கையோடு சேர்ந்து திருகுகிற திசையும் திரும்பிப்போயிருந்தது.

சொல்லிவிடலாம் என்று முன்னறை வாசல்வரை வந்தாள். பெரியவள் ஐந்து ஜார்களை வரிசையாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். சின்னவள் வந்த வழியே திரும்பிவிட்டாள். சொன்னால் அந்த வீடியோ போய்விடும். இனி வெட்டி ஒட்டும் வேலையை இவள் கையில் யார் கொடுப்பார்கள்? பதினோரு பேர்தானே என்று அன்று முழுக்கத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அந்தச் சமாதானம் இன்னும் கொஞ்சம் இளைத்துப்போயிருந்தது.

மறுநாள் படப்பிடிப்புக்கு விளக்கைப் பொருத்தினாள். பெரியவள் ஏப்ரனைக் கட்டவில்லை.

"இன்னைக்கு வேணாம்டி. இருபது வருஷமா செய்யறேன், எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. திருப்புறதுக்கு முன்னாடி யோசிக்கிறேன். தெரியாத ஒண்ணைத் தெரிஞ்ச மாதிரி ஊருக்கே சொல்லிட்டிருந்தேனோ என்னமோ."

அந்தக் கை தயங்குகிறது என்பதைச் சின்னவளால் தாங்க முடியவில்லை.

"உங்க கை சரிதான்க்கா. நான்தான் மாத்திட்டேன்."

வெளிச்சத்தை, தழும்பை, நேற்றே தெரிந்தும் மறைத்ததை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். பெரியவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நேத்தே தெரியுமா?"

"தெரியும்."

"நேத்துலேர்ந்து இன்னும் எத்தனை பேர் பார்த்திருப்பாங்க?"

சின்னவள் போனைப் பார்த்தாள். "ஆறாயிரம்."

"முதல்ல அதை எடு. மத்ததை அப்புறம் பேசலாம்."

"அக்கா, அதுதான் ஆளுங்களைக் கூட்டிட்டு வருது. கீழே ஒரு குறிப்புப் போட்டா..."

"கையில ஜாரைப் பிடிச்சுட்டு இருக்கறவ கீழ வந்து படிச்சிட்டிருப்பாளா?"

சின்னவள் எடுத்துவிட்டாள். ஒன்பது லட்சம் ஒரு தொடுகையில் மறைந்தது. பெரியவள் பதினோரு பேருக்கும் தானே பதில் எழுதினாள்; ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாகத் தேடி. பிறகு ஏப்ரனைக் கட்டினாள். "போன வீடியோல தப்பாக் காட்டிட்டோம், எங்க தப்பு" என்று புதிய வீடியோ தொடங்கியது. யாருடைய தப்பு என்று பிரித்துச் சொல்லவில்லை. அந்த 'எங்க' என்ற சொல் வருகிற இடத்தை வெட்டி ஒட்டும்போது சின்னவளுக்குத் திரை கலங்கித் தெரிந்தது. இவ்வளவு பெரிய மனசை இத்தனை நாளும் வெறும் கைத்திறமை என்று நினைத்துப் படம்பிடித்திருக்கிறோமே என்று தோன்றியது.

வெட்டி முடித்ததும் பெரியவள் இறுகிய ஜார் ஒன்றைக் கொண்டுவந்து அவள்முன் வைத்தாள்.

"சத்தத்தை அணைச்சிட்டு, பார்த்துப் பார்த்து நீயே கழட்டு. உனக்கு வந்தாத்தான் போடணும். இனிமே எல்லா வீடியோவுக்கும் இப்படித்தான்."

"நான் ஸ்பானரைக்கூடத் தொட்டதில்லையேக்கா!"

"பார்க்கறவங்க மட்டும் தொட்டிருக்காங்களா?"

மாமியார் எட்டிப் பார்த்தார். "அந்த ஜார் என்னுது. உடைச்சா புதுசு வாங்கித் தரணும், ரெண்டு பேருக்கும் சொல்லிட்டேன்."

சின்னவள் பிளேடைத் தடித்த துணியால் பிடித்துக்கொண்டு, திரையில் தெரிந்த கையைப் பார்த்துக் கப்ளரைத் திருப்பினாள். அசையவில்லை. துணி வழுக்கியது. மறுபடி ஓட்டிப் பார்த்தாள். உதவப் போய்விடாமலிருக்கப் பெரியவள் தன் இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது முறை மொத்த பலத்தையும் கொடுத்தாள். கப்ளர் டக்கென்று இளகி, அப்புறம் லேசாகச் சுழன்று அவள் உள்ளங்கைக்குள் வந்து விழுந்தது.

"ம், இப்ப போடு" என்றாள் பெரியவள்.